கொதிக்க வைத்த கிணற்றுத் தண்ணீர்

நான் சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் வசிக்கிறேன். பள்ளியில் வேதியியல் ஆசிரியை. என் தங்கை சுமதியைச் சேலத்துப் பக்கம் ஒரு மலையூரில், காபித் தோட்டத்தில் வேலை பார்ப்பவருக்குக் கொடுத்திருக்கிறோம். போன மழைக்காலத்தில் அவளுடைய ஒன்றரை மாத மகனுக்குத் தாய்ப்பால் போதவில்லை. பால் பவுடர் கலக்க வேண்டியிருந்ததால் எனக்குப் போன் செய்தாள்.

“அக்கா, கிணத்துத் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. காய்ச்சிக் கலக்கலாம்ல?”

“தாராளமா. மலைத் தண்ணிடீ, அதுல என்னா இருக்கப்போவுது? எதுக்கும் ரொம்ப நேரம் கொதிக்க விடு.”

பத்தாம் நாள், குழந்தையின் உதடும் நகமும் நீலமாகிவிட்டதாகப் போனில் கதறினாள். அவர்கள் மலையிறங்கி ஆஸ்பத்திரிக்கு வரவே நேரமாகிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தை உயிரோடு இல்லை.

தண்ணீரைப் பரிசோதித்த பிறகு டாக்டர் விளக்கினார்: “ஆழமில்லாத கிணறும்மா. சரிவுல போடுற உரமும் செப்டிக் டேங்க் கசிவும் மழையோட அதுலதான் இறங்கும். அந்த நைட்ரேட் பச்சக் குழந்தை ரத்தத்துல ஆக்சிஜன் ஏறவிடாது. கொதிக்க வெச்சா போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் கூடும்.”

தண்ணீர் ஆவியானாலும் நைட்ரேட் போன்ற உப்பு தங்கிவிடும் என்று வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவள் நான்.

இப்போது கிணற்றுத் தண்ணீரைப் பற்றி யார் கேட்டாலும், “பாத்துச் சொல்ல முடியாது. நைட்ரேட் பரிசோதனைக்குக் கொடுங்க. அதுவரைக்கும் கைக்குழந்தைக்கு வேண்டாம்” என்றுதான் சொல்கிறேன்.

சுமதி என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. வாரம் தவறாமல் பேசுகிறாள். ஆனால் என்னிடம் எதற்கும் யோசனை கேட்பதில்லை.