‘தேவையில்லை’ என்று எழுதிக்கொடுத்த கை

போன செவ்வாய்க்கிழமை ஒரு அரசு ஆபீஸில் சத்தம் போட்டுவிட்டேன். மேஜையில் ஓங்கித் தட்டியும் விட்டேன். கை இன்னும் வலிக்கிறது... ஆனால் வருத்தமெல்லாம் கிடையாது.

திருப்பரங்குன்றத்தில் எங்களுக்கு எதிர்வீடு செல்வம். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். தசைச்சிதைவு நோய். முதலில் மாடிப்படி ஏற முடியவில்லை, அப்புறம் நடக்க முடியவில்லை, இப்போது யாராவது தூக்கி உட்காரவைத்தால்தான் உண்டு. மனைவி ராணி தையல் கம்பெனிக்குப் போய்த்தான் குடும்பம் ஓடுகிறது. காலை எட்டரைக்குப் போனால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வருவாள்.

நடுவில் பாத்ரூம் போகணும் என்றால்?

அதனால் செல்வம் பகல் முழுக்கத் தண்ணீரே குடிப்பதில்லை. மதுரை வெயிலில்! ஃபேனுக்குக் கீழே உதடு வெடித்து உட்கார்ந்திருப்பார். நான் போய் மோர் நீட்டினால்கூட, “ராணி வரட்டும்க்கா” என்பார்.

அவருக்கு மாதாமாதம் மாற்றுத்திறனாளி உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு, பராமரிப்பு உதவித்தொகை என்று வேறொரு ஆபீஸில் கூடுதலாகத் தருகிறார்கள். அது வந்தால் பகலில் துணைக்கு ஒரு ஆளை வைத்துக்கொள்ளலாம். அடுத்த தெருவில் ஒருத்தர் வரத் தயாராகவும் இருந்தார். ஆனால் ரெண்டையும் சேர்த்து வாங்கக் கூடாது. பழையதை நிறுத்திவிட்டு வந்தால்தான் புதியது.

வாடகை வீடு மாறினால்கூட, புது வீட்டுச் சாவி கைக்கு வந்த பிறகுதானே பழைய சாவியைக் கொடுப்போம்? இந்தச் சின்ன விஷயம் ஏன் ஒரு ஆபீஸருக்கும் தோன்றவில்லை?

சரி, பழைய ஆபீஸுக்குப் போனாள் ராணி. “நிறுத்தச் சொல்லி ஒரு லெட்டர் எழுதிக் குடும்மா” என்றார்களாம். நேரே என்னிடம் வந்துவிட்டாள்.

“அக்கா, பத்திரிகையில இம்புட்டு எழுதுறீங்க. இதையும் நீங்களே எழுதிக் குடுத்துருங்க.”

விட்டேனா? பேனாவை எடுத்தேன். ‘இதுநாள் வரை தாங்கள் அளித்த உதவிக்கு நெஞ்சார்ந்த நன்றி. இனி எனக்கு இந்த உதவித்தொகை தேவையில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’ செல்வத்தின் விரலைப் பிடித்து ராணி கைநாட்டு வைத்தாள். எனக்குக் கொஞ்சம் பெருமைகூட — என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பழையது அந்த மாதமே நின்றது. அந்த வேகத்தைப் பாருங்கள்! புதியது, மனு கொடுத்து நாலு மாதமாகியும் வரவில்லை. துணைக்கு வருவதாகச் சொன்னவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை ராணி லீவு போட்டாள். செல்வத்தை ஆட்டோவில் ஏற்றி, வீல்சேரை மடித்துச் சொருகி, மூன்று பேரும் புதிய ஆபீஸுக்குப் போனோம்.

கிளார்க் ஃபைலைப் புரட்டினார். “இவரே உதவி தேவையில்லைன்னு எழுதிக் குடுத்திருக்காரே. நகல் வந்திருக்கு. அப்படி எழுதினவருக்கு நான் எப்படிங்க சிபாரிசு பண்றது? நாளைக்கு ஆடிட்ல கேப்பாங்க.”

“சார், இங்க வாங்குறதுக்காகத்தானே அங்க வேணாம்னு எழுதினோம்?” என்றேன்.

“அப்ப அதைச் சொல்லி எழுதியிருக்கணும். பழைய ஆபீஸ்ல மாத்தி வாங்கிட்டு வாங்க.”

“அங்கயும் போனேன் சார்” என்றாள் ராணி. “முடிச்ச ஃபைலைத் தொறக்க முடியாதுன்னுட்டாக.”

எனக்கு வந்ததே கோபம்... “ஆள் முன்னாடி உக்காந்திருக்காரு. கழுத்தை நிமித்த முடியல. கண்ணால பாக்குறதை நம்ப மாட்டீங்க, நான் கிறுக்கின காகிதத்தை மட்டும் நம்புவீங்களா?” ஆபீஸே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

கிளார்க் கெட்டவர் இல்லை. தன்னுடைய தண்ணீர் பாட்டிலை எடுத்துச் செல்வத்திடம் நீட்டினார். “வெயில்ல வந்திருக்கீங்க, குடிங்க.”

“வேணாம்ணே” என்றார் செல்வம். “குடிச்சா போகணும்ல.”

அந்த ஆபீஸ் டாய்லெட்டுக்கு மூன்று படி ஏற வேண்டும். கிளார்க் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பாட்டிலை மெதுவாக மூடினார். அப்புறம் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளி, “புதுசா ஒரு மனு குடுங்கம்மா. என்ன தேவைன்னு தெளிவா எழுதுங்க” என்றார்.

இந்தத் தடவை நெஞ்சார்ந்த நன்றியும் இல்லை, பணிவும் இல்லை. ஒரே வரி. ‘இவர் பகலில் தண்ணீர் குடிக்க வேண்டும்.’

கிளார்க் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

“இதுக்கு ஏதாச்சும் சான்றிதழ் இணைச்சிருக்கீங்களாம்மா?” என்றார்.

அப்போதுதான் மேஜையில் தட்டினேன்.