நீல நாற்காலியும் அப்பாவின் வேட்டியும்

வஜ்ரம் காய்ச்சும் நாற்றம் யாருக்காவது ஞாபகம் இருக்கா? ஆசாரிமார் மரம் ஒட்டுவதற்குக் காய்ச்சுவார்களே, அதுதான். குடலைப் புரட்டும். எனக்கு மட்டும் அந்த நாற்றம் வந்தால் இன்றைக்கும் சந்தோஷமாகிவிடும்...

எழுபதுகளின் தொடக்கம். திருப்பூர் வேலம்பாளையத்தில் லைன் வீடு, ஒரே அறை. எங்கள் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டோம். அப்பாவுக்கு இஷ்டமில்லை. கணியூரில் தோட்டம் வைத்திருந்த மனுஷர், சாயப்பட்டறையில் வேலை பார்க்கிற பையனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று நின்றுவிட்டார்.

அதனால் சீர் இல்லை. எங்கள் பக்கம் கட்டில், பீரோ, அண்டா குண்டா எல்லாம் வண்டியில் ஏறி ஊர் பார்க்க வரும். எனக்கு ஒரு பாய், இரண்டு தலையணை. அதுவும் இவர் வாங்கியது.

டவுனில் ஒரு பழைய சாமான் கடை உண்டு. சம்பளம் வாங்கின வாரம் அங்கே போய் நிற்பேன். முதலில் வந்தது கை வைத்த மர நாற்காலி. ஏதோ சலூனில் இருந்ததாம், ஒரு கை ஆடும். அப்புறம் மூடிப்போன பனியன் கம்பெனியின் கட்டிங் டேபிளில் பாதி, மேலெல்லாம் கத்திக் கீறல். டாக்டர் வீட்டு மருந்து அலமாரி, கண்ணாடி கிடையாது. எவனோ ஒரு பையன் ஆணியால் கிறுக்கி வைத்த பள்ளிக்கூடத்து பெஞ்சு.

பக்கத்து வீட்டு அக்கா மூக்கைச் சுளிப்பார்.

"ஏனுங்க சரசு, எவரு உக்காந்து அழுத சாமானோ... இதையெல்லாம் போயி ஊட்டுக்குள்ள கொண்டாறீங்களே?"

எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. ஆனால் நாலும் பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கிற ஆட்கள் மாதிரி, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே கலர் கொடுத்தால் என்ன என்று யோசித்தேன். பட்டறையில் டப்பா அடியில் மிஞ்சிய நீலச் சாயத்தூளை இவர் ஓனரிடம் கேட்டு வாங்கி வந்தார். வஜ்ரம் காய்ச்சி, தூளைக் கலந்து, பனியன் வேஸ்ட் துணியால் தேய்த்தேன். மரத்தின் வரி தெரிய, மங்கின நீலம்... அப்படி வந்தது!

"மேல ஒரு கோட் வார்னிஷ் அடிச்சரலாம் சரசு" என்றார் இவர்.

"வேண்டாங்க. பளபளன்னு கல்யாண மண்டபத்துச் சேராட்டம் ஆயிரும்."

எனக்கு என்ன பிடிக்கும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. பளபளப்பு வேண்டாம், கீறல் தெரிந்தால் தெரியட்டும். மிச்சச் சாயத்தில் துணியை முக்கி ஜன்னலுக்கும் கட்டினேன்.

சித்திரை வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தெருமுனையில் குடையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அப்பா! ஒன்றரை வருஷம் கழித்து. 'உங்க பொண்ணு பழைய சாமானை வெச்சுக் குடித்தனம் பண்ணுது' என்று யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

பயந்துவிட்டேன். 'கெளம்பு கண்ணு, நம்மூட்டுக்குப் போலாம்' என்று சொல்லிவிடுவாரோ என்று. இல்லாவிட்டால் நாளைக்கே புதுக் கட்டிலும் பீரோவும் அனுப்புவார், இவர் முகம் தொங்கிப்போகும். நான் சேர்த்த இந்த வீட்டை அப்பா ஒரு தடவை வீடாகப் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவசரத்தில் ஈரத்துணி எடுத்து நாற்காலியைத் துடைத்தேன். அங்கேதான் சனி பிடித்தது.

உட்கார்ந்தார். மோர் குடித்தார். இவர் பக்கம் திரும்பவே இல்லை. அலமாரியைக் கிட்டப் பார்க்க எழுந்தார். பின்பக்கம் முழுக்க நீலம்! சலவை வேட்டியில் நாற்காலியின் சட்டம் சட்டமாக அச்சு விழுந்திருந்தது.

"மாமா... வேட்டில சாயம் ஒட்டிருச்சுங்க" என்றார் இவர்.

அப்படியே கணியூர் வரைக்கும் பஸ்ஸில் போக முடியுமா? இவர் கொடியில் கிடந்த தன் ஒரே நல்ல வேட்டியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வாங்கினால், தான் வேண்டாம் என்று சொன்ன மருமகன் கையால் வாங்கியதாகும். வாங்காவிட்டால் பஸ் முழுக்கச் சிரிக்கும்...

வாங்கினார். கட்டிக்கொண்டு வந்தார். நாற்காலியை ஒரு விரலால் தொட்டு, அந்த விரலையும் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"கலரு நல்லாத்தான் இருக்குது சாமி. என்ற வேட்டியத் தொவச்சு வெய்யி, வந்து வாங்கிக்கறேன்."

அப்புறம் இவரைப் பார்த்து, "மேல வார்னிசு அடிக்கோணும் மாப்ள" என்றார்.

மாப்ள! நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன், அழுகை வந்துவிட்டது.

மரத்தில் நிற்காத சாயம் பருத்தியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. துவைத்தும் போகவில்லை. பட்டறைக்கு எடுத்துப் போயிருந்தால் இவர் ஒரு மணி நேரத்தில் வெளுத்திருப்பார், அதுதானே தொழில். எடுத்துப் போகவே இல்லை. அப்பா மாசா மாசம் வருவார், தேங்காயும் பருப்பும் சுமந்துகொண்டு.

"கறை போச்சா மாப்ள?"

"இன்னும் போகலீங்க மாமா."

"செரி, அடுத்த மாசம் வந்து வாங்கிக்கறேன்."

சாயத்தைப் பற்றி அப்பாவுக்கா தெரியாது, திருப்பூருக்குப் பருத்தி போட்டவர்! கடைசி வரைக்கும் அவர் அந்த வேட்டியை வாங்கவில்லை. இவருடைய வேட்டியைத் திருப்பித் தரவும் இல்லை.

இப்போது நல்லூரில் மகன் கட்டிய புது வீட்டில் இருக்கிறோம். இன்டீரியர் டிசைனர் வைத்துச் செய்தது. சோபா, டைனிங் டேபிள், கட்டில் எல்லாம் ஒரே செட், ஒரே லாரியில் வந்து இறங்கியது. நல்லாத்தான் இருக்கிறது, பொய் சொல்லக்கூடாது. என் நீல நாற்காலி என் ரூமில், வார்னிஷ் பளபளப்போடு. அந்தப் பளபளப்பு எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. அப்பா சொன்னாரே என்று அடித்தது.

போன வாரம் சம்பந்தி வீட்டார் முதல் தடவையாக வந்தார்கள். புது சோபாவில் உட்கார்ந்தார்கள், காபி குடித்தார்கள், வீடு சூப்பர் என்றார்கள், காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

திரும்பி வந்து வாங்கிக்கொள்ள ஒன்றையும் விட்டுவிட்டுப் போகவில்லை...