பெயர் மாறிப் போன வீட்டுப்பாடம்

மயிலாடுதுறை பக்கம் குத்தாலத்தில் ஒரு மாடியறையில், கணவர் வளைகுடாவில் இருக்கும் பெண்களுக்குச் சனிக்கிழமைதோறும் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். இலக்கணம் என்றாலே கொட்டாவி விட்டார்கள். அதனால் கவிதைக்குத் தாவினேன். எதற்கெல்லாம் பயமில்லை என்று மூன்று வரி, எதற்குப் பயம் என்று கடைசி வரி. ஆங்கிலத்தில் எழுதி எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்ப வேண்டும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை மாலை அவர்களில் ஒருத்தி போனில் அழைத்தாள். நாலு வயது மகளுக்குத் தாய்.

"டீச்சர், உங்களுக்கு அனுப்ப வேண்டியதை கைப்பழக்கத்துல வீட்டுக்காரருக்கு அனுப்பிட்டேன். கேட்டுட்டாங்க. நீல டிக் விழுந்துடுச்சு."

"என்ன எழுதியிருந்தீங்க?"

"பாம்புக்குப் பயமில்லை, இடிக்குப் பயமில்லை, மாமிக்குப் பயமில்லைன்னு." குரல் இறங்கியது. "போன் வராத வெள்ளிக்கிழமைக்குத்தான் பயம்னு."

மாமி என்பது மாமியார். அரைமனதாகத்தான் மருமகளை வகுப்புக்கு விட்டிருந்தார். மகன் ஒரு வார்த்தை சொன்னால் அவள் படிப்பு அத்தோடு நின்றுவிடும்.

மறுநாள் வெள்ளி. ஜும்மா தொழுகை முடிந்ததும் தவறாமல் பேசுகிற மனிதர் அன்று பேசவில்லை. "இன்னும் வரலை டீச்சர்" என்று அவள் மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருந்தாள். இந்தக் கவிதைப் புத்தி எனக்கு எதற்கு என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை என் ஊரான தஞ்சாவூரிலிருந்து வகுப்புக்குப் போகும்போது ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தார்கள். பஸ் ஒதுங்கி ஒதுங்கி ஊர்ந்ததில் டிரைவர் மேல் எரிச்சல் வந்தது. அவள் வரமாட்டாள் என்றே நினைத்தேன்.

வந்திருந்தாள். போனை மேசையில் வைத்தாள். "காலையில வந்துச்சு. தனியா கேக்க தைரியமில்லை டீச்சர்."

பட்டனை அழுத்தினாள். திக்கித் திக்கி, ஆங்கிலத்தில் ஓர் ஆணின் குரல். வெயிலுக்குப் பயமில்லை. முதலாளிக்குப் பயமில்லை. அம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் பயம். வகுப்பில் யாரோ சிரித்தார்கள். பிறகு, லீவில் வரும்போது என் மகள் என்னை யாரென்று தெரியாமல் அழுதுவிடுவாளோ என்றுதான் பயம். கடைசியில் தமிழில், "இதை எழுதவே நேத்து முழுக்க ஆயிடுச்சு. தப்பு இருந்தா டீச்சரைத் திருத்தச் சொல்லு."

அவள் போனைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க, தினமும் அவளுக்கு உங்க போட்டோவைக் காட்டுறேன். இதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது டீச்சர்?" என்று கேட்டாள்.

சொல்லிக்கொடுத்தேன். முணுமுணுத்துப் பழகிக்கொண்டாள். அனுப்பும் முன், யாருக்குப் போகிறது என்று பெயரைப் பார்த்துக்கொண்டாள்.