திரையில் வந்த ஒட்டுசுட்டான் விவசாயி

எனக்குத் திகதிகள் மறப்பதில்லை. எங்கள் குளம் எந்த ஆண்டு, எந்தக் கிழமை நிரம்பி வான் பாய்ந்தது, யானை யாருடைய வயலை எப்போது உழக்கியது என்று ஒட்டுசுட்டானில் யாருக்காவது தெரியவேண்டுமென்றால் என் படலைக்குத்தான் வருவார்கள். பெயரைச் சொல்லி என்னைத் தேடுபவர்கள் குறைவு. "திகதி ஐயா" என்றால் பஸ் கொண்டக்டரும் வீட்டைக் காட்டிவிடுவார்.

கிளினிக்கில் என்னைப் பார்க்கும் டொக்ரர் அம்மாவுக்கு என்னைப் பிடித்துப்போனதும் அந்தப் பழக்கத்தால்தான். குடல் அழற்சி உள்ளவர்களில் சிலருக்கு ஈரலும் ஏன் கெடுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார் அவர். மாதம் ஒருமுறை கிளினிக்குக்கு வருவார். எப்போது தொடங்கியது என்று கேட்டால் மற்ற நோயாளிகள் "கொஞ்ச நாளா" என்பார்கள். நானோ, மலத்தோடு இரத்தம் முதன்முதலில் போனது குளம் வான் பாய்ந்ததற்கு மறுநாள், ஒரு செவ்வாய்க்கிழமை என்றேன். பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஐயா, உங்களை மாதிரிப் பத்துப் பேர் இருந்தா என்ர வேலை எப்பவோ முடிஞ்சிருக்கும்."

அந்தப் பாராட்டில் மயங்கித்தான் எல்லாவற்றையும் சொன்னேன். கலியாண வீடுகளில் பந்தியில் இருக்காமல் திரும்பி வந்தது, தூரப் பயணத்துக்குப் பயந்தது, எல்லாம். பித்தக்குழாய்கள் தடித்துச் சுருங்குகின்றன, வருத்தம் ஈரலைத் தொட்டுவிட்டது என்று அவர் விளக்கிய அன்று, அதை மனைவிக்குச் சொல்லப்போவதில்லை என்பதையும் சொன்னேன். ஈரல் பழுது என்றால் எங்கள் பக்கத்தில் சாராயம் என்றுதான் பொருள். நான் கள்ளைக்கூட வாயில் வைத்ததில்லை. அவளிடம் மூலவருத்தம் என்றே சொல்லியிருந்தேன்.

"அது எங்களுக்குள்ளை இருக்கட்டும், ஐயா," என்றார் டொக்ரர்.

பங்குனியில், அறுவடை முடிந்த கையோடு, கமக்காரர்களுக்காகக் கிளிநொச்சியில் ஈரல் நோய் பற்றி ஒரு விளக்கக் கூட்டம் வைத்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு வரச்சொன்னார். மனைவியும் நல்ல சேலையாக எடுத்து உடுத்துக்கொண்டு கூட வந்தாள். முன்வரிசையில் இருந்தோம். கூட்டத்தின் நடுவில் திரையில் எழுத்து விழுந்தது: ஒட்டுசுட்டான் பக்கத்து விவசாயி. மது அருந்தாதவர். தன் நோயின் நாட்களைக் குளம் வான் பாய்ந்த நாளை வைத்துச் சொல்பவர். ஈரல் பாதிப்பை மனைவியிடம் மறைக்கிறார்.

"இப்பிடி மறைக்கக்கூடாது எண்டதுக்காகத்தான் இதைச் சொல்லுறன்," என்றார் டொக்ரர்.

எங்கள் வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சும் ஒருவர் பின்னாலிருந்து குனிந்தார். "என்ன திகதி ஐயா, ஒளிச்சு ஒளிச்சு அடிச்சனீங்களோ?" பக்கத்துக் கதிரைகளில் சிரிப்பு. மனைவி சிரிக்கவில்லை, திரும்பவுமில்லை. திரையை முதலிலிருந்து மறுபடி வாசித்துக்கொண்டிருந்தாள்.

எங்களுக்குள் இருக்கட்டும் என்றதை ஏன் திரையில் போட்டீர்கள் என்று வெளியே டொக்ரரை மறித்துக் கேட்டேன்.

"உங்கட பேரை நான் போடேல்லையே, ஐயா!" என்றார். நடிப்பில்லை, அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. பேரை மறைத்தால் ஆள் மறைந்துவிடும் என்று படித்தவர். எங்கள் ஊரில் பேர் இருப்பது அடையாள அட்டையில் மட்டும்.

மாங்குளத்தில் இறங்கினோம். பஸ் மாற நின்றபோது மனைவி கேட்டாள்: "இவ்வளவு காலமும் பத்தியக்கறி காய்ச்சித் தந்தனான். டொக்ரர் அம்மாவுக்கு எல்லாம் தெரியும், எனக்கு மட்டும் மூலவருத்தமோ?"

ஒட்டுசுட்டான் பஸ் வந்ததும் முதலில் ஏறி அவளுக்கு யன்னலோரத்தில் இடம் பிடித்துக் கொடுத்தேன்.

அடுத்த மாதமும் கிளினிக்குக்குப் போனேன். அந்த மருந்து வேறெங்கும் கிடைக்காது. மனைவி கேட்காமலே கூட வந்து, பக்கத்துக் கதிரையில் இருந்தாள். டொக்ரர் வழக்கம்போலப் பேனாவை எடுத்தார்.

"இந்த முறை வயித்து நோ எப்ப துவங்கினது, ஐயா?"

"ஞாபகமில்லை," என்றேன்.

பேனா தாளில் படவில்லை.

"அவருக்கு நல்ல ஞாபகம் இருக்கு," என்றாள் மனைவி. "அதை வீட்டை வந்து எனக்குச் சொல்லுவார். நீங்கள் மருந்தை எழுதுங்கோ."