இருட்டறையில் கார்த்திகை விளக்கு

எலிக்கூண்டுகளில் உமி மாற்றுவது கொளஞ்சியம்மாளின் காலை வேலை. நனைந்த உமியைச் சாக்கில் கொட்டிவிட்டுப் புது உமி பரப்பி, எலிகளை வாலடியில் பிடித்துத் தூக்கி உள்ளே விடுவாள். எத்தனை சோப்புப் போட்டாலும் கையில் மூத்திர வாடை போகாது. கீழப்பழுவூருக்குத் திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

"என்னா பண்றது, எலிதான எனக்குச் சோறு போடுது" என்பாள்.

கடலைக்கொல்லையில் எலியைக் கண்டால் களைக்கொத்தாலேயே அடித்தவள்தான். புருஷன் முருகையன் செத்த பிறகு இந்தத் தனியார் கல்லூரியின் ஆராய்ச்சிக்கூடத்துக்கு எலி பார்க்கும் வேலைக்கு வந்தாள். ஆராய்ச்சி மாணவி அபிநயா, எலியின் பின்பக்கம் சொட்டுக்குழாய் வைத்து ஒரு துளி எடுக்கும்போது இவள்தான் பிடித்துக் கொடுப்பாள். அந்தத் துளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, எலி சினைக்குத் தயாரா இல்லையா என்று அபிநயா சொல்லிவிடுவாள். நாலைந்து நாளுக்கு ஒருமுறை அந்தப் பருவம் தவறாமல் சுற்றி வந்தது.

"நம்மூரு டவுன் பஸ்ஸ விட ஒழுங்கா வருதே பாப்பா!"

சிரிக்கும்போதே மனசு மகள் சிவரஞ்சனியிடம் போய்விடும். அவள் கரூரில் ஒரு நூல் மில்லில் ராத்திரி ஷிப்ட். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்தே மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போகிறது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. சம்பந்தி ஜெயலட்சுமி போனிலேயே சொல்லிவிட்டாள்: "தை வரைக்கும் பாக்குறோம் சம்பந்தி. அப்புறம் எங்க பையன் மணிவேலுக்கு வேற எடம் பாக்குறதா இருக்கோம். தப்பா எடுத்துக்காதீங்க."

கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் கல்லூரியில் யாரும் இல்லை. எலிகளுக்கு இரண்டு அறைகள். ஒன்றில் விளக்கு அணைவதே இல்லை. இன்னொன்றில் பொழுது சாய்ந்ததும் தானாக அணைந்து, விடிந்தால்தான் எரியும். அணைந்த பிறகு அங்கே லைட்டைப் போடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அகல் விளக்கை அவள் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஊரில் மாட்டுக்கொட்டகை, கிணற்றடி, குப்பைக்குழி வரைக்கும் அன்றைக்கு விளக்கு வைப்பார்கள். முந்தானையில் முடிந்து வந்திருந்த அகலை எடுத்து, எண்ணெய் ஊற்றி, இருட்டறையில் கூண்டுகளுக்குக் கீழே ஏற்றி வைத்தாள். மகள் பெயரைச் சொல்லிக் கும்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

மறுநாள் காலையில் திரி கருகிக் கிடந்தது.

"யாரும்மா இங்க விளக்கு வெச்சது?"

"நாந்தான் பாப்பா. குட்டி போடுற உசுருங்க இருக்குற எடம். கார்த்திகை அன்னிக்கு இருட்டா கெடக்கலாமா?"

அபிநயா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கத்துவாள் என்று கொளஞ்சியம்மாள் எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"ராத்திரில கொஞ்சம் வெளிச்சம் பட்டாக்கூட அதுங்க உடம்புல சுரக்குறது மாறிடும்மா. பக்கத்து ரூம்ல லைட்டு அணையுறதே இல்லல்ல, அதுங்களுக்குக் கருமுட்டை வெளிய வர்றதே நின்னு போச்சு. அதோட ஒப்பிட்டுப் பாக்கத்தான் இந்த ரூமு. இனிமே இதுங்கள வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"அப்ப?"

"விளக்கப் பாத்ததுமே என் ஆராய்ச்சி கைடு சார்கிட்ட போன்ல கேட்டுட்டேன். இதுங்கள முடிச்சுடச் சொல்லிட்டாரு."

வாயு நிரப்பும் பெட்டிக்குள் கொளஞ்சியம்மாள்தான் எலிகளை எடுத்து விட்டாள். அவள் கைக்குப் பழகியவை. ஒன்றும் கடிக்கவில்லை. ஒன்று அவள் கட்டை விரலை முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போனது. குழாயைத் திறந்ததும் மூக்கைத் தூக்கித் தூக்கிப் பார்த்தன. பிறகு ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. அவற்றை ட்ரேயில் வரிசையாகக் கிடத்தினாள்.

"பாப்பா."

"ம்."

"எம் மவ வேல பாக்குற மில்லுலயும் விடிய விடிய லைட்டு எரியுது. அதனாலதான் அவளுக்கும் இப்படி ஆவுதா? வேலைய விட்டுட்டா சரியாயிடுமா? தை வரைக்குந்தான் பாப்பா டைம் குடுத்திருக்காங்க."

அபிநயா கையுறையைக் கழற்றினாள். "அதத் தெரிஞ்சுக்கத்தாம்மா இதுங்கள வளத்தோம்" என்றவள், ட்ரேயைத் தூக்கிக்கொண்டு அறையை விட்டு வெளியே போனாள்.