அம்மாவின் பத்து விரல்கள்

1996 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம், விட்டுவிட்டுத் தூறல். கோவையில் என் வீட்டு வாசலின் மூன்றாவது படியில் பால் பாக்கெட்டோடு வழுக்கி விழுந்தேன். சுள்ளி ஒடிவதுபோல் ஒரு சத்தம். பாக்கெட் உடையவில்லை; மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டுப் போட்ட இளம் டாக்டர், "எலும்புல கால்சியமே கம்மிங்கய்யா. சின்ன வயசுல பாலே குடிக்கலீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் உச்சுக் கொட்டியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

இது தொடங்கியபோது எனக்கு வயது ஒன்பது. காரமடைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் கறவை மாடுகள் நான்கு இருந்தும், பால் முழுவதும் மேட்டுப்பாளையத்தில் "கிளப்பு" என்று சொல்லும் காபி ஓட்டலுக்குப் போய்விடும். கைக்குழந்தையான தம்பிக்குப் பாலூட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்கு ஒரு நாள் இரு கை விரல்களும் சோற்றை அள்ளப் போவதுபோல் குவிந்து இறுகிக்கொண்டன. விரிக்க முடியாமல் பிள்ளை மடியிலிருந்து நழுவியது. வந்து பார்த்த டாக்டர் ஊசி போட்டுவிட்டு, உடம்பில் சுண்ணாம்புச் சத்து குறைவு என்று சொல்லிப் போனார். அப்பாவைப் பெற்ற "அப்பாரு"வுக்கு ஒரே நிம்மதி. "சுண்ணாம்புதானுங்களா? நம்மூட்டுல கலயங் கலயமா இருக்குதே!" அன்றிலிருந்து அம்மாவின் வெற்றிலைக்கு இரண்டு மடங்கு சுண்ணாம்பு. நாக்கு வெந்தது, விரல்கள் மறுபடியும் குவிந்தன.

திரும்ப வந்த டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "வெத்தலச் சுண்ணாம்பையா சொன்னேன்? பாலுங்க, பாலு!" உடம்பிலுள்ள அந்தச் சத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறதென்றும், மிச்சமுள்ள ஒரு பங்குதான் ரத்தத்திலும் தசையிலும் நின்று இதயத்தைத் துடிக்கவும் விரலை விரியவும் வைக்கிறதென்றும், அந்த ஒன்று குறைந்தால் உடம்பு எலும்பையே கரைத்து எடுத்துக்கொள்ளும் என்றும் விளக்கினார். அப்பாரு கேட்ட கேள்வி ஒன்றுதான்: "கிளப்புக்காரனுக்கு என்னங்க பதில் சொல்றது?"

மறுநாள் விடிகாலையில் கறந்த பாலை அம்மா அப்பாருவின் கண்ணெதிரே ஒரு சொம்பு மொண்டு, நின்றபடியே குடித்து முடித்தாள்.

"பாலு உங்குளுதுதானுங்க மாமா. எலும்பு என்னுதுங்க."

அப்பாரு கத்தவில்லை. "செரி அம்மணி. அப்ப உன்ற பெரிய பையனுக்கு இனிமே பாலு, தயிரு, மோரு ஒண்ணுங் கெடையாது."

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "எனக்குப் பாலே புடிக்காதுங்க அப்பாரு!"

பச்சைப் பொய். கொதிக்கும் பாலின் வாசனைக்கு எச்சில் ஊறும். ஆனாலும் அம்மா முந்தானையில் மறைத்து நீட்டிய டம்ளரைக்கூட நான் வாங்கவில்லை. விடிந்ததும் அவள் கைகளை நீட்டச் சொல்லி எண்ணுவேன். பத்தும் விரியும். வெளியூருக்குப் படிக்கப் போகும்வரை இப்படியே கழிந்தது.

இன்று தோட்டமும் இல்லை, மாடுகளும் இல்லை, கிளப்பும் இல்லை. அம்மா எண்பத்து மூன்று வயதில் போகும்வரை கூன் விழாமல் நிமிர்ந்தே நடந்தாள். டாக்டர் உச்சுக் கொட்டட்டும். மறுபடியும் ஒன்பது வயது வந்தாலும் அந்தப் பொய்யைத்தான் சொல்வேன். ஆன செலவு மொத்தம்: இடது மணிக்கட்டு ஒன்று.