தோர்ண்டன் ஹீத்தில் ஒரு ரீச்சர்

றூபினியை ரீச்சர் ஆக்கியது எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை. லண்டனின் தோர்ண்டன் ஹீத்தில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் சச்சிதானந்தன்தான். அந்த மனிதருக்கு ஒரு குணம். யாராவது பதில் சொல்லத் தொடங்கினால் முடிக்க விடமாட்டார். மிச்சத்தைத் தானே சொல்லிவிடுவார்.

டென்மார்க்கிலிருந்து வந்து நோர்பரியில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் தனியே குடியேறிய புதிதில், அவளுக்குக் கடைக்குப் போவதென்றாலே தயக்கம். ஒரு கட்டுக் கீரை வாங்கப் போனாலும் விசாரணை இலவசம். "ஊரிலை எவடம்?" "அவர் என்ன செய்யிறார்?" "பிள்ளையள் எத்தினை பேர்?" அவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை, கலியாணம் டென்மார்க் கோட்டிலேயே விவாகரத்தில் முடிந்துபோயிற்று என்பதையெல்லாம் கீரைக் கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்ல ஏலுமா? சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிடுவாள். வந்து அறைக் கதவைச் சாத்தினால் பிறகு அவளும் சுவரும்தான்.

ஒருநாள் சச்சிதானந்தன் கேட்டார்.

"தங்கச்சிக்கு எங்கை வேலை?"

"சனி ஞாயிறிலை முதியோர் இல்லத்திலை ஷிப்ட் அண்ணை. மற்ற நாளிலை கொலிஜ்ஜுக்குப் போறன்."

"ஓ, கொலிஜ்ஜிலை படிப்பிக்கிறியளோ!"

அவருடைய கணக்கிலும் பிழை இல்லை. அவர் பெற்ற இரண்டும் பதினாறு வயதில் கொலிஜ்ஜுக்குப் போய், பதினெட்டில் கம்பஸ் போனவர்கள். முப்பத்தெட்டு வயதுப் பெண் காலையில் பையோடு கொலிஜ்ஜுக்குப் போகிறாள் என்றால், வேறு எதற்குப் போவாள்? அவள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பின்னால் நின்ற ஒருவர், "அண்ணை, கருவேப்பிலை வந்திட்டுதோ?" என்று குறுக்கே விழ, சச்சிதானந்தன் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். அடுத்த முறை அவள் கதவைத் திறக்கும்போதே, "வாங்கோ ரீச்சர்" என்றார்.

மந்திரம் போட்டதுபோல விசாரணை நின்றது. ரீச்சரிடம் போய் அவர் எங்கே, பிள்ளைகள் எங்கே என்று யார் கேட்பார்கள்? வழிவிட்டார்கள். நல்ல முருங்கைக்காயாகப் பொறுக்கி வைத்தார்கள். சச்சிதானந்தனின் மனைவி சிவமலர் கல்லாவில் இருந்தபடியே ஒரு புன்னகையோடு பையைக் கட்டிக் கொடுப்பாள். றூபினிக்கு அது பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று நான் சொன்னால் அது பச்சைப் பொய்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். அவள் அங்கே படிப்பிக்கவில்லை, படித்தாள். எஞ்சினியரிங் சயன்ஸ். அதை நல்ல மார்க்கோடு முடித்தால், பல்கலைக்கழகத்தில் நேரே இரண்டாம் ஆண்டில் போய்ச் சேரலாம். ஊரில் உயர்தரம் வரை கணிதப் பிரிவு. பிறகு கலியாணம், டென்மார்க், ஒரு தொழிற்சாலை. காற்றாலைகளின் இறக்கைகள் செய்யும் இடம். கண்ணாடி நார்த் துணியைப் பெரிய அச்சுக்குள் பரப்பி, சுருக்கம் விழாமல் தடவிக்கொண்டே போகவேண்டும். வருசக்கணக்காய்த் தடவினாள். அந்த இறக்கை அடியிலிருந்து நுனிவரை மெல்ல முறுக்கிக்கொண்டு போகும். ஏன் இப்படி முறுக்கியிருக்கிறது என்று ஒருநாள் மேற்பார்வையாளரிடம் கேட்டாள். அச்சு அப்படி, அதனால் இறக்கையும் அப்படி என்றான் அவன். அந்தப் பதில் அவளுக்குத் தொண்டையில் முள்ளாய் நின்றது. அதை எடுக்கத்தான் லண்டன் வந்தாள் என்றாலும் பொருந்தும்.

வகுப்பில் எல்லோரும் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். கெட்ட பிள்ளைகள் இல்லை. கதவைப் பிடித்து வழிவிடுவார்கள், 'சொறி' என்று மன்னிப்புக் கேட்பார்கள், காதில் பாட்டுக் கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு தங்கள் உலகத்துக்குப் போய்விடுவார்கள். செய்முறைப் பாடத்தில் இரண்டிரண்டு பேராய்ச் சேருங்கள் என்று ஆசிரியர் சொன்னதும், கதிரைகள் இழுபடும் சத்தம் ஓயும்போது ஒற்றையாய் மிஞ்சுவது இவள்தான். மத்தியானம் காருக்குள் இருந்து சாப்பிடுகிறவர்களுக்காவது ஒரு கார் இருக்கிறது. இவள் பஸ் தரிப்பிடத்தில் இருந்து புட்டைச் சாப்பிட்டாள்.

படிப்பும் லேசாய் வரவில்லை. ஆங்கிலத்தில் கேட்பதை மனத்துக்குள் ஊர்ப் பாடப்புத்தகத் தமிழுக்கு மாற்றி, கணக்கைச் செய்து, மறுபடி ஆங்கிலத்தில் எழுதவேண்டும். பஸ்ஸில் வரும்போதெல்லாம் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். அக்ஸலரேஷன், ஆர்முடுகல். டிஸெலரேஷன், அமர்முடுகல். வேகம் கூடுவதற்கும் குறைவதற்கும் இப்படிச் சொற்கள் இருப்பது இலங்கையில் தமிழில் பௌதிகம் படித்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

மாசி மாதத்தில் ஒருநாள், இறக்கை ஏன் முறுக்கியிருக்கிறது என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. யாரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. வேறு ஏதோ கணக்கைச் செய்துகொண்டிருக்கும்போது திடீரென்று அதுவும் சேர்ந்து விளங்கியது. பேனையைக் கீழே வைத்துவிட்டாள். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தாள், காதில் கருவி. ஆசிரியர் கதவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். பஸ்ஸில் ஏறியதும் கைபேசியை எடுத்து, பெயர்களை மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்து, திரும்பப் பையில் போட்டாள். எத்தனை வருசத்துக் கேள்வி! விடை கிடைத்த நாளில் சொல்லிக்கொள்ள ஒரு ஆள் இல்லை. அழுகை வந்தது.

நேரே சச்சிதானந்தன் கடைக்குப் போனாள். சொல் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் ரீச்சருக்கு இன்றைக்குத்தான் விளங்கியது என்று எப்படிச் சொல்வது?

"என்ன ரீச்சர், இண்டைக்கு முகத்திலை நல்ல வெளிச்சம்?" என்றாள் சிவமலர்.

"ஒண்டுமில்லை அக்கா. மழை விட்டிட்டுது, அதுதான்."

சிவமலர் அவளுடைய புத்தகப் பையைப் பார்த்தாள். பிறகு வெங்காயத்தைத் தராசில் வைத்தாள்.

அதே வாரம் சச்சிதானந்தன், அப்டன் பார்க்கில் யாரோ ஒருவர் நாற்பத்தைந்து வயதில் படிக்கப் போவதைப் பகிடி பண்ணிக்கொண்டு நின்றார். "பேரப்பிள்ளை காணிற வயசிலை மனுசனுக்குப் புத்தகப் பை!" கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். றூபினியும் சிரித்தாள். இனி வாய் திறப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினாள்.

சோதனை முடிந்தது, மார்க் வந்தது. வடக்கே ஷெஃபீல்டில் ஒரு பல்கலைக்கழகம் இரண்டாம் ஆண்டில் அவளுக்கு இடம் கொடுத்தது. அதையும் அவள் அந்த அறைச் சுவருக்குத்தான் சொன்னாள். லண்டனை விட்டுப் போக மூன்று கிழமை இருக்கையில், சச்சிதானந்தன் கல்லாவைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். முகமெல்லாம் பல்.

"ரீச்சர், வாற கிழமை எங்கடை தமிழ்ப் பள்ளிக்கூடத்திலை பரிசளிப்பு விழா. நீங்கள்தான் பிரதம விருந்தினர். மறுக்கக் கூடாது. நோட்டீசுக்கு மட்டும் ஒரு விசயம் சொல்லுங்கோ. திருமதி எண்டு போடவோ, செல்வி எண்டு போடவோ?"

இத்தனை நாளும் ரீச்சர் என்ற சொல்லுக்குள் ஒளித்து வைத்திருந்ததை மனிதர் ஒரே கேள்வியில் வெளியே இழுத்துவிட்டார். ஏதாவது ஒன்றைச் சொல்லி, மாலையும் போட்டுக்கொண்டு, மூன்று கிழமையில் ரயில் ஏறிவிடலாம், யாருக்கும் தெரியவராது. ஆனால் மேடை ஏறி, படிக்கிற பிள்ளைகளுக்குப் படிப்பைப் பற்றிப் பொய்யாய்ப் பேசவேண்டுமே. அதற்கு அவளால் ஏலாது.

"ரெண்டும் போடாதேங்கோ அண்ணை. நான் ரீச்சர் இல்லை. அங்கை நான் படிக்கிறன்."

"பகிடி விடாதேங்கோ ரீச்சர்."

"பகிடி இல்லை. நீங்கள் அண்டைக்குக் கேட்டனீங்கள், நான் இல்லை எண்டு சொல்லாமல் விட்டிட்டன்."

வாழ்க்கையில் முதல்முறையாகச் சச்சிதானந்தனுக்கு அடுத்தவர் பேச்சின் மிச்சம் தெரியவில்லை. கைபேசியை எடுத்து, "நோட்டீஸ் அடிக்கக் குடுக்கேல்லை, நல்ல காலம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பின்பக்கம் போனார்.

றூபினி பையைத் தூக்கிக்கொண்டு கதவுக்குத் திரும்பினாள். இனி இந்தக் கடைப் படி மிதிப்பதில்லை.

"நில்லுங்கோ பிள்ளை," என்றாள் சிவமலர். "எனக்குப் போன வருசமே தெரியும்."

றூபினி நின்றாள்.

"பஸ்ஸிலை உங்களுக்குப் பின்சீட்டிலை இருந்தனான். நீங்கள் ஆர்முடுகல், ஆர்முடுகல் எண்டு பாடமாக்கிக்கொண்டு வந்தனீங்கள். நானும் அதைப் பாடமாக்கி அடி வாங்கினவள்தான். படிப்பிக்கிற ஆள் ஏன் பஸ்ஸிலை பாடமாக்கவேணும்?"

"அப்ப ஏன் அக்கா கேக்கேல்லை?"

"கேட்டால் நீங்கள் வெக்கப்பட்டுக் கடைக்கு வராமல் விட்டிடுவியள் எண்டு பயம். இவருக்கும் சொல்லேல்லை, இவரின்ரை வாய் தெரியும்தானே. சோதினை நேரம் பார்க்கப் பாவமாய் இருந்தது. எப்பிடி எழுதினனீங்கள் எண்டு கேக்க எத்தினை தரம் வாய் உன்னினது தெரியுமோ?"

கல்லாவுக்கு அந்தப் பக்கம் கேட்கத் துடித்த ஒருத்தி, இந்தப் பக்கம் சொல்லத் துடித்த ஒருத்தி. கேட்காமல் இருப்பதுதான் அன்பு என்று அவள் நினைக்க, கேட்க ஆள் இல்லை என்று இவள் அழுதிருக்கிறாள். இனி இருப்பது மூன்று கிழமை. றூபினிக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாய் வந்தன.

"இப்ப கேக்கிறன்," என்றாள் சிவமலர். "சோதினை எப்பிடிப் பிள்ளை?"

 கண்ணைத் துடைத்துவிட்டு, கல்லாவில் தொங்கிய பில் கடதாசியில் ஒரு முழம் கிழித்தாள் றூபினி. ஒரு முனையைச் சிவமலரிடம் பிடிக்கக் கொடுத்து, மற்ற முனையை மெல்லத் திருகினாள்.

"காத்தாலையின்ரை இறக்கை இப்பிடித்தான் அக்கா முறுகியிருக்கும். ஏனெண்டு சொல்லட்டோ? நீங்கள் பிடிச்சிருக்கிற அடி சின்ன வட்டமாய்ச் சுத்தும். அதே நேரத்துக்குள்ளை இந்த நுனி பெரிய வட்டம் ஓடவேணும். அப்ப காத்து வந்து அடிக்கிற பக்கம் இடத்துக்கு இடம் மாறும்…"

கதவு மணி அடித்தது. உள்ளே வந்த பெண் கல்லாவை எட்டிப் பார்த்தாள். "அக்கா, கருவேப்பிலை வந்திட்டுதோ?"

சிவமலர் கடதாசியை விடவில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ," என்றாள். "பிள்ளை கதைச்சுக்கொண்டு நிக்குது."